அம்மா பிடித்த கிளை

அந்தக் கிளையை நான் பிடிப்பதா, வேண்டாமா?

ஒன்பது நாளாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டுப் பின்பக்க மேசையில், ஒரு சாண் உயர ஆலங்கன்று தட்டைத் தொட்டியில் நிற்கிறது. என் எட்டு வயது மகள் அதற்குக் கம்பி சுற்றி, போன்சாய் உருவம் கொடுக்கப் பார்க்கிறாள். இரண்டு கை அவளுக்குப் போதவில்லை. "மா, நீங்க கிளைய கீழ வளைச்சுப் புடிங்க, நான் சுத்திக்கிறேன்" என்கிறாள். இரண்டு நிமிட வேலை. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. "அப்பறம் பார்க்கலாம்" என்று ஒன்பது முறை சொல்லிவிட்டேன்.

நான் படிக்காதவள் இல்லை. ஈப்போவில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிளையைப் பிடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நீளவில்லை. அதைச் சொல்ல, எனக்குப் பதினொரு வயதான ஒரு வருடத்துக்குப் போக வேண்டும். ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த வீடுகளில் வளர்ந்த என் வயதுப் பெண்கள் இதைப் படித்தால், பாதியிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும். நீங்களும் இப்போது அம்மாக்கள்தானே.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு வீட்டில் இருந்தோம். தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்டதும் அம்மாவுக்கு வேலை போனது. பதினாறு வருடம் பால்மரம் வெட்டியவர். கையோடு கொண்டுவந்தது ஒரு பால்வெட்டுக் கத்தியும் ஏழெட்டு மங்குகளும்தான். மங்கு என்றால், மரத்தில் கம்பி வளையத்தில் தொங்கவிட்டுப் பால் பிடிக்கும் சின்ன மண் கிண்ணம். பழுப்பு நிறத்தில், உள்ளே வழவழவென்று இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அதிலிருந்து புளித்த பால் வாடை போகாது. அம்மா அதில் ஊசி போட்டு வைப்பார், புளி ஊற வைப்பார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

எதற்கு என்றால், அப்பா ஈப்போவில் ஒரு பூச்செடித் தோட்டத்துக்கு லோரி ஓட்டினார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். அங்கே, சீன முதலாளியான தவுக்கேயின் மேசைமேல் முழங்கை உயரத்தில் ஒரு முழு ஆலமரம் நின்றது. விழுது, பொந்து, பாசி எல்லாம் இருந்தது. ஒரு சுண்ணாம்புக் கல்லை வேரால் கவ்விக்கொண்டிருந்தது. நான் விரலை நீட்டியதும் அப்பா பதறிவிட்டார். "தொடாத லா! ஒடிஞ்சா என்னையும் லோரியையும் சேர்த்து வித்தாலும் பத்தாது." அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதே மாதிரி ஒன்று எனக்கு வேண்டும்.

மார்ச் பள்ளி விடுமுறையில் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா வேலை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆலமரத்தின் கிளை ஒன்று தகரக் கூரைமேல் சாய்ந்துகிடந்தது. சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, வெட்டினார்கள். ஆலமரம் என்றுதான் எல்லாரும் சொல்வோம்; உண்மையில் அது இலை சிறுத்த வேறு ஜாதி, மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். விழுது இறங்கினால் எங்களுக்கு ஆலமரம். வெட்டிய கிளையிலிருந்து பென்சில் கனத்தில் ஐந்து குச்சிகளை ஒடித்துக்கொண்டு வந்தேன்.

"கோயில் மரம் வீட்டுக்கு ஆகாதுடி" என்றார் அப்பா.

"அது மரமா, குச்சிதானே. விடுங்க, எப்படியும் பொழைக்கப் போறதில்ல" என்றார் அம்மா.

அம்மா சொன்னது ஏறக்குறைய நடந்தது. எனக்கு வழிகாட்ட இருந்தது பள்ளி நூலகத்து மலாய்ப் புத்தகம் ஒன்று, அதிலும் பாதிப் பக்கம் இல்லை. வெட்டுவாயில் வடியும் பாலைக் கழுவி, காயவிட்டு, மணலில் நட வேண்டும் என்பது வரை இருந்தது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். நான் தினமும் பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாகக் குச்சியைப் பிடுங்கி, வேர் வந்ததா என்று பார்ப்பேன். முதல் இரண்டு குச்சிகள் அப்படியே செத்தன. மூன்றாவது அழுகியது. நான்காவதில் ஒரு துளிர் வந்தது, சந்தோஷத்தில் உரம் போட்டேன், கருகியது. ஐந்தாவதை மறந்தேபோனேன். குளியலறைச் சுவரோரம் தண்ணீர் வாளிக்குப் பின்னால் கிடந்த அது, ஒரு நாள் நான்கு இலைகளோடு எட்டிப் பார்த்தது. என் கை படாததால் பிழைத்தது. இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மங்கின் அடியில் ஓட்டை போட அப்பாவைக் கெஞ்சினேன். ஆணியை வைத்துத் தட்டி இரண்டை உடைத்தார். மூன்றாவதில் ஓட்டை விழுந்தது. "பார்த்தியா, அப்பா யாரு?" என்றார். "ரெண்டு மங்கை ஒடச்சவரு" என்றார் அம்மா.

மே மாதம் ஒரு நாள், அம்மா மாசமாக இருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குப் பிறகு பதினொரு வருடம் கழித்து. அதற்கு நடுவில் எத்தனை கோயில், எத்தனை வேண்டுதல் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் எல்லாரும் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. பாகான் செராயிலிருந்து புது அரிசி மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "ஆணி அடிக்கக் கூடாது. கயிறு முடியக் கூடாது. கோழி கால கட்டக் கூடாது. எதையும் வளைச்சுக் கட்டக் கூடாது. தம்பி, உனக்கும்தான் லா. வயித்துல இருக்குற புள்ள கை கால் அப்படியே வந்துரும். பதினோரு வருஷம் கழிச்சு வருது, வெளையாட்டில்ல. வீட்டுல எல்லாருக்கும் பந்தாங்."

பந்தாங் என்ற மலாய்ச் சொல் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. மலாய் வீட்டிலும் சீன வீட்டிலும்கூட இதே விலக்குகள்தான். அப்பாவுக்கு அது வசதியாகப் போனது. சமையலறை அலமாரிக் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கேட்கும்போதெல்லாம், "ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்களே" என்பார்.

"இந்தப் பந்தாங் புள்ளைக்கா, உங்களுக்கா?" என்பார் அம்மா.

வளைகாப்பு முடிந்து அத்தை ஊருக்குப் போன மறுவாரம்தான் நான் கம்பி சுற்ற முடிவு செய்தேன். கன்று அப்போது என் கை நீளம் வளர்ந்து, இரண்டு கிளையும் நேராக வானத்தைப் பார்த்து நின்றன. தவுக்கேயின் மரத்தில் கிளைகள் களைத்த மாதிரி கீழே சாய்ந்திருக்கும். வயதான மரத்துக்கு அதுதான் அழகு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. உடைந்த மேசை விளக்கின் வயரைப் பல்லால் உரித்துச் செம்புக் கம்பி எடுத்தேன். நாக்கில் காசு நக்கின மாதிரி ஒரு ருசி.

அத்தையின் பேச்சு என் காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தது. ஆனால் ஆணி, கயிறு, கோழி என்றுதான் சொன்னார். கம்பி என்று சொல்லவில்லை, மரம் என்று சொல்லவில்லை. அந்த வயதில் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் அது. "எதையும்" என்று சொன்னாரே என்பது பிறகுதான் உறைத்தது.

வலது கிளையை ஒரு கையால் வளைத்து, மறு கையால் சுற்றினேன். கம்பி வழுக்கியது. கிளை நிமிர்ந்தது. மறுபடி வளைத்தேன். நான்காவது தடவை, மளுக்கென்று அடியோடு முறிந்துபோனது. பால் சொட்டுச் சொட்டாக மங்கில் விழுந்தது. ஆறு மாதத்து வேலை. மிஞ்சியது ஒரே கிளை. அப்பாவிடம் ஓடினேன். "ஐயோ, உங்க அத்தைக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாங்க. புள்ள பொறந்த பிறகு பார்ப்போம் லா" என்றார். அதற்குள் கிளை முற்றிவிடும். நான் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், அம்மா கேட்கட்டும் என்று. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தார். இரண்டு கையிலும் வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள், முழங்கை வரை.

"எங்க, காட்டு. இப்படி முரட்டுத்தனமா வளைச்சா ஒடியத்தான் செய்யும். மரம் வேண்டாம்னு சொல்ற எடத்துல நிறுத்தணும்." விரலால் கிளையை அடியிலிருந்து நுனிவரை தடவினார். பால் வெட்டிய பதினாறு வருடத்தில், கட்டைக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிய விரல்கள். "விடு. நான் புடிக்கிறேன், நீ சுத்து."

"அம்மா, அத்தை சொன்னாங்களே?"

"உங்க அத்தை பாகான் செராயில இருக்காங்க. சுத்து, சீக்கிரம்."

நான் சுற்றினேன். அம்மா இரண்டு கட்டைவிரலையும் கிளைக்கு அடியில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. துணிச்சோப்பு வாசனை. கிளை ஒடியவில்லை. சுற்றி முடித்ததும் அம்மா கையை எடுத்தார். அது அப்படியே நின்றது, களைத்த மாதிரி. "ம்ம், நல்லாதான் இருக்கு" என்று சொல்லி, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த வருடத்தில் நான் முழுச் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

தம்பி நவம்பர் கடைசியில் பிறந்தான். வலது பாதம் உள்பக்கமாக வளைந்து, உள்ளங்கால் எதிர்க் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டார்கள். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி மாவுக்கட்டுப் போட்டால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். "பயப்பட ஒண்ணுமில்லையாம். இது யாரு தப்பும் இல்லையாம்" என்று, அம்மாவையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்த அப்பா அத்தையிடம் சொன்னார். பிள்ளைப்பேற்றுக்கு உதவ அத்தை மறுபடி வந்திருந்தார்.

"டாக்டருக்கு என்னா தெரியும்" என்றபடி அத்தை துணி உலர்த்தப் பின்பக்கம் போனார். போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. வரும்போது கையில் என் மங்கு.

அம்மா அறையில் தம்பியோடு படுத்திருந்தார். அத்தை மங்கைக் கட்டில் பக்கத்தில் நாற்காலிமேல் வைத்தார். செம்புக் கம்பி பட்டையில் இறங்க ஆரம்பித்திருந்தது; எப்போது கழற்றுவது என்ற பக்கமும் கிழிந்த பக்கங்களில் ஒன்று. தம்பியின் துணியை விலக்கி, காலைக் காட்டினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, கிளையைக் காட்டினார். "தம்பி, வந்து பாரு. இந்த வளைவப் பாரு, அந்த வளைவப் பாரு. கோயில் மரத்த கொண்டாந்து, கம்பி போட்டுக் கட்டி, வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. யாரு பண்ணுன வேல இது?"

நான் அறை வாசலில் நின்றேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"யாருன்னு கேக்குறேன்ல?"

"நான்தான் அத்தை" என்றேன். அடுத்து அம்மா சொல்வார் என்று காத்திருந்தேன். நானும் சேர்ந்துதான் அண்ணி, நான்தான் பிடித்துக் கொடுத்தேன், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. ஏதாவது ஒன்று.

அம்மா சொன்னது, "புள்ளைக்குப் பால் குடுக்கணும். கதவ சாத்துங்க."

அத்தை என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார். "நல்ல கைடி உனக்கு" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

வீட்டில் வைக்கவும் கூடாது, கோயில் மரத்தைத் தூக்கி எறியவும் கூடாது என்பதால், இரண்டு நாள் கழித்து அப்பா அதைத் தோட்டத்துக் கோயிலில் தாய்மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குள் யாரோ கம்பியைக் கழற்றியிருந்தார்கள். அத்தைதான் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த திருவிழாவுக்குப் போனபோது மங்கும் இல்லை, என் மரமும் இல்லை. "யாராச்சும் எடுத்திருப்பாங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த வார்த்தை.

வாரா வாரம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனோம். பழைய மாவுக்கட்டை ஊற வைத்து உரிப்பார்கள். நர்ஸ் பாதத்தை இரண்டு கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பிடித்துக்கொள்வார், டாக்டர் சுற்றுவார். அந்த இடம் வந்ததும் அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய்விடுவார். பிள்ளை அழுவதைத் தாங்க முடியாமல் போகிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என்னைப் பற்றியும் எல்லாரும் ஒன்று சொன்னார்கள். நான் தம்பியைத் தூக்க மாட்டேன். தொட்டில்கூட ஆட்ட மாட்டேன். என் கை படக் கூடாது என்று நானே எனக்கு ஒரு பந்தாங் போட்டுக்கொண்டிருந்தேன். குச்சிகளுக்கு நடந்தது எனக்குத் தெரியுமே. "பொறாமை லா. பதினோரு வருஷம் ஒத்தப் புள்ளையா இருந்தவ" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. வகுப்பாசிரியைகூட என்னைக் கூப்பிட்டு, தம்பியிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். நான் தலையாட்டினேன். பெரியவர்கள் இத்தனை பேர் இருந்தும், ஒருவருக்குக்கூட என்னைக் கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் சொன்ன "யாரு தப்பும் இல்லை"யைக்கூட அப்பா அத்தையிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

தம்பிக்கு இப்போது இருபத்து நான்கு வயது. கால் நேராகிவிட்டது, வலது செருப்பு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். வாரம் மூன்று நாள் புட்சால் பந்தாட்டம் ஆடுகிறான். அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. போன வருடத்திலிருந்து அம்மா என்னோடு ஈப்போவில் இருக்கிறார். என் மகளுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணமே தம்பிதான். தோட்டத்துக் கோயிலுக்குப் போனவன் அந்தத் தாய்மரத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வந்து, "மாமா காலு எப்படி நேராச்சு தெரியுமா? இதே மாதிரி கட்டு போட்டுத்தான்" என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் தினமும் பிடுங்கிப் பார்க்கவில்லை. காணொளி பார்த்துப் பொறுமையாக வளர்த்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. குச்சிதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒன்பது நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. மகள் பாட்டிக்கு உதவியாகச் சாமி அலமாரியைத் துடைத்தாள். படங்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடைத்தது. வேண்டிக்கொண்டு காசு முடிந்துவைப்போமே, அந்த மாதிரி. கேட்காமலே பிரித்துவிட்டாள். உள்ளே காசு இல்லை. பச்சை பூத்த செம்புக் கம்பி ஒன்று, ஒரு கிளையைச் சுற்றி எடுத்த அதே சுருளாக.

"மா! காப்பர் கம்பி! இதுதான் நல்லா வளையும்" என்று பின்பக்கம் ஓடினாள். எனக்கு அந்தக் கம்பியைப் பார்த்ததுமே நாக்கில் பழைய ருசி வந்தது. ஒன்றும் யோசிக்க முடியாமல் அவள் பின்னாலேயே போனேன். அவள் கிளையை வளைத்து, "புடிங்க மா" என்றாள். நான் கையை நீட்டினேன்.

அம்மா சமையலறையிலிருந்து எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. கரண்டியோடு வந்து, என் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தார். வலித்தது.

"நீ தொடாத! அன்னிக்கு நான் தொட்டேன்ல. போதும்."

மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்டேன். "நீங்க தொட்டதாலதான் தம்பி கால் அப்படி ஆச்சுன்னு நெனைக்கிறீங்களா?"

"வேற என்னா? உங்க அத்தை படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் கேக்கல. நீங்க அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரி கார்டு எடுக்கப் போனப்போ நான்தான் எந்திரிச்சுக் கம்பியக் கழட்டுனேன். காசோட முடிஞ்சு வச்சேன். அவன் நடந்ததும் காச கோயில்ல போட்டுட்டேன். கம்பிய போட மனசு வரல. யாரு சுத்துனா, யாரு புடிச்சான்னு சாமி கேட்டா என்னா சொல்றது?"

"டாக்டர் சொன்னாரே அம்மா, யாரு தப்பும் இல்லைன்னு."

"அவரு எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்வாரு."

இருபத்து நான்கு வருடம் கேட்காததைக் கேட்டேன். "அத்தை என்னைச் சொன்னப்போ நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

அம்மா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருஷம் கழிச்சு வந்த புள்ள. நான்தான்னு சொன்னா உங்கப்பா முகத்த எப்படிப் பார்க்குறது?" அதைக் கீழே வைத்துவிட்டு, "நீ சின்னப் புள்ள. மறந்துருவேன்னு நெனச்சேன்" என்றார்.

நான் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போட முடியவில்லை. கோபப்பட எவ்வளவோ இருந்தது. எதிரில் நின்றவர் என்னைவிட அதிகமாக அதைச் சுமந்து, கம்பியையும் சுமந்து, வீடு வீடாக மாறி வந்திருக்கிறார். ஒரே குற்றத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேருக்கும் பாதியாவது குறைந்திருக்கும். அதை நினைக்கும்போதுதான் தாங்கவில்லை.

தம்பிக்கு போன் செய்தேன். "அய்யோ அக்கா, நாளைக்கு நான் கோல் விட்டா அதுக்கும் அந்த மரம்தானா?" என்று சிரித்தான். அம்மாவிடம் கொடுத்தேன். "அம்மா, என் காலு நல்லாதானே இருக்கு?" என்றான். "நல்லா இருக்குறதாலதான் காச போட்டேன்" என்று சொல்லி அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் கணவர் எளிதாகச் சொல்கிறார், வேறு யாராவது பிடித்தால் போயிற்று, நான் பிடிக்கிறேன் என்று. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாதான் புடிக்கணும், பாட்டி அம்மாவுக்குப் புடிச்ச மாதிரி" என்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

என் குழப்பம் இதுதான். நான் கையை எடுத்துக்கொண்டால், அம்மா நினைப்பது சரி என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்: ஆமாம், அன்று உங்கள் கையால்தான் ஆனது, அதனால்தான் நான் தொடவில்லை. என் மகளும் அதையே கற்றுக்கொள்வாள். அம்மாவின் கண் முன்னால் நான் கிளையைப் பிடித்து, மூன்று மாதம் கழித்து நல்லபடியாக ஒரு பிள்ளையைப் பெற்று அவர் மடியில் போட்டால், வேறு யார் சொல்லியும் நம்பாததை அவர் நம்பக்கூடும். அவருக்கு வயது அறுபத்தாறு. இன்னும் எத்தனை வருடம் அந்த முடிச்சை வைத்திருப்பார்?

ஆனால் பிடித்து, பிள்ளைக்கு ஒரு விரல் கோணலாக இருந்தால்? சின்னதாக ஒரு மச்சம் இருந்தால்கூட? அம்மா அதைத் தாங்க மாட்டார். தன் மகளையும் தடுக்காமல் விட்டுவிட்டோம் என்று அதையும் சேர்த்து முடிந்துவைப்பார். நானும், இவ்வளவு படித்தும், அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப நினைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. பிடிக்காமலே ஏதாவது ஆனாலும் வேறொன்றைத் தேடிப்பிடிப்பேன் என்பதும் தெரியும். என் சுபாவம் அது.

கிளை இன்னும் பச்சையாக இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் பட்டை முற்றிவிடும். பிறகு வளைத்தால் ஒடியும். பிள்ளை பிறக்கும்வரை அது காத்திருக்காது.

எனவே உங்களைக் கேட்கிறேன். ஒன்றும் ஆகாது என்று விளக்கி யாரும் எழுத வேண்டாம்; அது எனக்குத் தெரியும், தெரிந்து பயனில்லை. அம்மாவையோ மாமியாரையோ வீட்டில் வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் எழுதுங்கள். அம்மாவை உட்கார வைத்து, அவர் பார்க்கப் பார்க்கப் பிடிப்பதா? அவர் கோயிலுக்குப் போயிருக்கும்போது பிடித்துவிட்டு, பிள்ளை பிறந்தபின் சொல்வதா? இல்லை, அந்தக் கிளை இந்த வருடம் நேராகவே வளரட்டும் என்று விட்டு, மகளிடம் காரணம் சொல்வதா? சொல்வதென்றால் என்ன காரணம் சொல்வது? சீக்கிரம் எழுதுங்கள். கம்பி மேசைமேல்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அம்மா அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்கிறார். இன்றைக்கும் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டாள். பத்தாவது முறையாக, அப்பறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.